பின்வரிசையில் வந்தவனின் குற்றம்

நரேன் கார்த்திகேயனைப் பற்றி நான் எதை எழுதினாலும் இரண்டு வகையான மின்னஞ்சல்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. முதல் வகை ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோவையிலிருந்தும் வருவது. "அவர் தமிழர், அதனாற்றான் வெள்ளைக்காரர் அவரை மட்டந்தட்டினார்கள், நல்ல கார் ஒன்று கிடைத்திருந்தால் உலகச் சம்பியன் ஆகியிருப்பார்" என்பது அதன் சாரம். இரண்டாம் வகை, தம்மை விடயம் அறிந்தவர்கள் எனக் கருதும் அன்பர்களிடமிருந்து வருவது. "காசு கொடுத்து இடம் வாங்கியவர், என்றும் கடைசியில் வந்தவர், வழியில் நின்று சம்பியனின் பந்தயத்தைக் கெடுத்தவர். இவரைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறீரே?" என்பது அதன் சாரம்.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுகிறார்கள். ஆயினும் இருவரும் செய்வது ஒரே காரியந்தான். மனிதன் ஓட்டியதைப் பார்க்காமல், அவன் எங்கிருந்து வந்தான், எத்தனையாவது இடத்தில் நின்றான் என்பதைப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறார்கள். இந்தப் பழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அவரது தொழில் வாழ்வை வரிசைப்படுத்திக் கொள்வோம். 1977 ஜனவரி 14ஆந் திகதி பிறந்த நரேன், கோயம்புத்தூர்க்காரர். தந்தையார் ஜி.ஆர். கார்த்திகேயன் இந்தியாவில் பெயர் பெற்ற ரலிச் சாரதி. மகன் பதின்ம வயதிலேயே பிரான்சிலுள்ள பந்தயப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஃபோர்முலா மாருதி ஓட்டினார். பின்னர் பிரித்தானியாவுக்குச் சென்றார். 1994இல் அங்கு ஃபோர்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ஒரு பந்தயத் தொடரின் பட்டத்தை இந்தியர் ஒருவர் வென்றது அதுவே முதற்றடவை. 1996இல் ஃபோர்முலா ஆசியா பட்டத்தைப் பெற்றார். 1999இல் பிரித்தானிய ஃபோர்முலா 3 தொடரில் பிரண்ட்ஸ் ஹட்ச் திடலில் இரு தடவை வென்றார். 2001 ஜூனில் சில்வர்ஸ்டன் திடலில் ஜாகுவார் அணியின் காரைப் பரீட்சார்த்தமாக ஓட்டி, ஃபோர்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2004இல் மினார்டி அணியில் இடம் இருந்தும் விளம்பரதாரர் பணம் போதாமையால் அது கைநழுவியது. 2005இல் ஜோர்டான் அணி அவரைச் சேர்த்துக் கொண்டது. அவ்வாண்டு மார்ச் 6ஆந் திகதி மெல்பேர்ணில் முதற் பந்தயம். பன்னிரண்டாம் இடத்திலிருந்து தொடங்கிப் பதினைந்தாவதாக முடித்தார்.

2006, 2007 ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியின் பரீட்சார்த்தச் சாரதி. 2010இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது. 2011இலும் 2012இலும் ஸ்பெயினின் எச்.ஆர்.டி. அணியில் மீண்டும் ஃபோர்முலா 1. மொத்தம் 48 பந்தயங்களுக்குப் பதிவு செய்யப்பட்டு, 46இல் தொடங்கி, ஐந்து புள்ளிகள் பெற்றார். அதன்பின் யப்பானுக்குச் சென்று பல ஆண்டுகள் அந்நாட்டின் முதற்றரத் தொடர்களில் ஓட்டினார்.

இனித் திறமை என்ற கேள்விக்கு வருவோம். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்கிலே மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்குத் தெரியும். மாடுகளை ஏ, பி, சி, டி எனப் பிரிவு பிரித்தே ஓடவிடுவார்கள். டி பிரிவு மாட்டை ஏ பிரிவுச் சோடியோடு ஓடவிட்டுவிட்டு, பிந்தி வந்ததற்காக வண்டியை ஓட்டியவனைப் பார்த்துச் சிரிக்கும் மூடத்தனம் சவாரித் திடலில் இல்லை. சாரதியின் கைவண்ணம் தெரிய வேண்டுமானால் மாடு சமமாக இருக்கவேண்டும் என்பது படிக்காத கிழவனுக்கும் அங்கே தெரியும்.

கோடிக்கணக்கான டொலர் புரளும் ஃபோர்முலா 1இல் அந்த அறிவு இல்லை. அங்கே எல்லா மாடுகளும் ஒரே திடலில் ஓடுகின்றன. எச்.ஆர்.டி. அணியின் நிலையைப் பாருங்கள். 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் பருவத்துக்கு முந்திய பரீட்சார்த்த ஓட்டங்களில் அவ்வணியால் தன் புதிய காரை இறக்கவே முடியவில்லை. இரு ஆண்டுகளிலும் மெல்பேர்ணில் முதலிடத்தவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர முடியாமல் அதன் இரு கார்களும் பந்தயத்துக்கு வெளியே நின்றன. 2010 முதல் 2012 வரை மூன்று பருவங்கள் ஓடி ஒரு புள்ளியும் பெறாமல் அந்த அணி இல்லாமற் போயிற்று. அத்தகைய காரில் கடைசியாக வந்ததை வைத்துச் சாரதியை அளப்பவர், துலாவின் ஒரு தட்டில் மட்டும் கல்லை வைத்துவிட்டு எடை சொல்பவர்.

ஆகவே அளவுகோல்கள் இரண்டே. ஒன்று, அதே காரை ஓட்டிய அணித் தோழர். மற்றது, எல்லாருக்கும் ஒரே கார் தரப்பட்ட பந்தயங்கள். இவ்விரண்டிலும் நரேனை நிறுத்திப் பார்ப்போம்; பக்தர்களுக்கும் பகைவர்களுக்கும் ஒரேயளவு கசப்பு இருக்கிறது.

2005இல் அணித் தோழர் போர்த்துக்கலின் தியாகோ மொன்ரெய்ரோ. ஒரு சுற்று வேகத்தில் நரேன் அவருக்குச் சளைத்தவரல்லர். ஆனால் மொன்ரெய்ரோ தம் முதல் 16 பந்தயங்களையும் தொடர்ச்சியாக ஓடி முடித்தார். ஏழு புள்ளிகள் பெற்றார். நரேனோ பருவத்தின் இறுதிப் பந்தயமான சீனப் பந்தயத்தில் சுவரில் மோதிக் காரை நொறுக்கினார். 2012இல் அணித் தோழர் பேத்ரோ டி லா ரோசா. பெரும்பாலான தகுதிச் சுற்றுகளில் அவரே முன்னால் நின்றார். "நல்ல கார் கிடைத்திருந்தால் உலகச் சம்பியன்" என்று எழுதும் அன்பர்கள் இந்த இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக் கொள்ளட்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏ1 கிராண்ட் பிறீ என்ற தொடர் நாடுகளுக்கு இடையில் நடந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒரே வகைக் கார், ஒரே இயந்திரம். அதில் 2007 டிசம்பரில் சீனாவின் சுஹாய் திடலிலும் 2008இல் பிரண்ட்ஸ் ஹட்ச் திடலிலும் இந்திய அணிக்கு வெற்றி தேடித் தந்தவர் நரேன். அங்கே கார் அவரை ஏமாற்றவில்லை. அவரும் காரை ஏமாற்றவில்லை. 2019 நவம்பரில், 42 வயதில், யப்பானின் சுப்பர் ஜீரி கார்களும் ஜெர்மனியின் டி.ரி.எம். கார்களும் ஃபூஜி திடலில் ஒன்றாக ஓடிய பந்தயங்களில் இரண்டாவதை வென்றார். "என்றும் கடைசியில் வந்தவர்" என எழுதுவோர் இம்மூன்றையும் எழுதி வைத்துக் கொள்ளட்டும்.

"காசு கொடுத்து இடம் வாங்கியவர்" என்ற குற்றச்சாட்டு வேடிக்கையானது. 1970களின் தொடக்கத்தில் நிக்கி லௌடா வங்கிக் கடன் வாங்கி இடம் பிடித்தார். பின்னர் மூன்று தடவை உலகச் சம்பியன் ஆனார். 1991இல் மைக்கல் ஷூமாக்கர் ஜோர்டான் காரில் முதன்முதலாக அமர்ந்தபோது அதற்கான பணத்தைச் செலுத்தியது மெர்சிடிஸ் நிறுவனம். 2011 ஜூலையில் எச்.ஆர்.டி. அணியில் நரேனை இறக்கிவிட்டு அவ்விடத்தில் டானியல் ரிக்கியார்டோவை அமர்த்தியது ரெட் புல் நிறுவனத்தின் பணம். ரெட் புல் தந்தால் முதலீடு, டாடா தந்தால் இலஞ்சம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

எமது பத்திரிகைத் துறைக்கும் இதில் பங்கிருக்கிறது. 2005 ஜூன் 19ஆந் திகதி இண்டியானாபொலிசில் நரேன் நான்காம் இடம் பெற்றார். அவரது ஐந்து புள்ளிகளும் அன்று கிடைத்தவையே. அன்று மிஷெலின் டயர்கள் அத்திடலின் வளைவுக்குத் தாங்கா எனத் தெரிந்ததால், அந்த டயர்களைப் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. எஞ்சியவை ஆறு கார்கள்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். ஃபெராரிகள் முதலிரண்டு இடங்களிலும், மொன்ரெய்ரோ மூன்றாவதாகவும், நரேன் நான்காவதாகவும் வந்தார்கள். ஆறு கார் ஓடிய செய்தியைத் தலைப்பில் மறைத்து "உலகில் நான்காவது" என்று கொட்டை எழுத்தில் போடுவது ஒரு வீரனுக்குச் செய்யும் மரியாதையன்று. நாளைக்கு எவனோ ஒருவன் உண்மையைச் சொல்லி அவரைக் கேலி செய்வதற்கு நாமே விதை போடுவதாகும். புகழ்ச்சியில் பொய் சேர்த்தால் அதன் வட்டியைக் கட்டுபவர் புகழப்பட்டவரே.

இப்போது பலர் காத்திருக்கும் விடயத்துக்கு வருகிறேன். 2012 மார்ச் 25, மலேசியாவின் செப்பாங் திடல்.

அன்று மழை. எச்.ஆர்.டி. அணி கடும் மழைக்குரிய டயர்களோடு தொடங்கியது. மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓடியபோது நரேன் முன்னேறினார்; பந்தயம் இடைநிறுத்தப்பட்ட வேளையில் அவர் பத்தாம் இடத்தில் நின்றார். மீண்டும் தொடங்கியபின் மக்லாரன் அணியின் ஜென்சன் பட்டன், 2009இன் உலகச் சம்பியன், நரேனின் காரில் மோதித் தம் முன்னிறக்கையை உடைத்துக் கொண்டார். புள்ளியே இல்லாமல் 14ஆவதாக முடித்தார். பந்தயத்தின் பின் பட்டன் சொன்னது, பிழை தன்னுடையது என்பதுதான்.

பந்தயம் முடிய ஏறத்தாழப் பத்துச் சுற்றுகள் இருந்தபோது இரண்டாம் சம்பவம் நடந்தது. நான்காவதாக ஓடிய செபஸ்டியன் வெட்டல், 2010, 2011 ஆண்டுகளின் சம்பியன், ஒரு சுற்றுப் பின்தங்கிய நரேனைக் கடந்தார். கடந்த கையோடு இரு கார்களும் உரசின. வெட்டலின் இடது பின் டயர் கிழிந்தது. அவர் 11ஆவதாக முடித்தார். தாம் ஓரத்துக்கு ஒதுங்கி இடம் விட்டதாகவும், வெட்டல் முழுதாகக் கடக்குமுன்னரே தம் பக்கம் வெட்டித் திரும்பியதாகவும் நரேன் விளக்கினார். நடுவர்கள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. நரேனுக்கு 20 வினாடி தண்டனை விதித்தார்கள்.

நடுவர்களின் தீர்ப்பு நடுவர்களின் தீர்ப்பு. அதை நான் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீலக் கொடி காட்டப்பட்டால் பின்தங்கியவர் வழிவிட வேண்டும் என்பது விதி. அதே வேளை, வழிவிட்டவனின் மூக்கின்மேல் காரைத் திருப்பாதிருப்பது கடந்து செல்பவனின் பொறுப்பு. காணொளியைப் பலமுறை பார்த்த என் கருத்து, அன்று குற்றத்தில் இருவருக்கும் பங்கு உண்டு என்பது. இதில் மாறுபடுவோர் மாறுபடலாம்.

மாறுபட இடமில்லாத விடயம் அதன்பின் நடந்தது. வெட்டல் தொலைக்காட்சிச் செவ்விகளில் "மூடர்கள்" என்ற பொருளுள்ள சொல்லையும், ஜெர்மன் மொழியில் வண்டியோட்டத் தெரியாதவனை இழித்துரைக்கும் "வெள்ளரிக்காய்" என்ற சொல்லையும் பயன்படுத்தினார். எங்கள் பக்கத்தில் கெக்கரிக்காய் என்போம். வெயிலுக்கு நல்லது, வசைச்சொல் அன்று. நரேனும் சும்மா இருக்கவில்லை. சம்பியன் அழுகுணிக் குழந்தைபோல் நடந்து கொண்டதாகச் சொன்னார். ஆனால் உலகச் செய்தி நிறுவனங்களிடம் தலைப்பானது வெள்ளரிக்காய்தான். ஒரே நாள், ஒரே திடல், ஒரே பின்வரிசைக்காரர். அவரோடு மோதிய சம்பியன்கள் இருவர். ஒருவர் தன் பிழை என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர் வசை பொழிந்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாமவரை. பட்டனின் ஒப்புதலை இன்று யார் நினைவுகூர்கிறார்கள்?

இங்கேதான் முதல் வகை அன்பர்கள் "நிறவெறி" என்று குரல் எழுப்புகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1993இல் யப்பானின் சுசூக்கா திடலில், தம்மால் ஒரு சுற்று முந்தப்பட்ட புதுமுகச் சாரதி எடி எர்வைன் மீண்டும் தம்மை முந்திச் சென்றார் என்பதற்காக, அயர்ட்டன் செனா பந்தயத்தின் பின் தேடிச் சென்று அவரை அடித்தார். 2018இல் பிரேசிலில் முன்னணியில் நின்ற மக்ஸ் வெர்ஸ்டாப்பன், ஒரு சுற்றுப் பின்தங்கிய எஸ்ற்றபன் ஒக்கொனோடு மோதியபின், எடை பார்க்கும் இடத்தில் அவரைப் பிடித்துத் தள்ளினார். எர்வைன் வட அயர்லாந்துக்காரர், ஒக்கொன் பிரெஞ்சுக்காரர். அவர்கள் மூவருக்கும் பொதுவானது தோலின் நிறமன்று, நின்ற இடம். முன்வரிசைக்காரனின் கோபத்துக்குப் பின்வரிசைக்காரனின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

முன்வரிசைக்காரரின் சொந்தக் குற்றங்களுக்கு உலகம் வேறு பெயர் வைத்திருக்கிறது. 2010இல் துருக்கியில் வெட்டல் தம் அணித் தோழர் மார்க் வெபரோடு மோதி இருவருக்கும் கைக்கு வந்த வெற்றியைக் கெடுத்தார். 2017இல் பாக்கூவில், பாதுகாப்புக் காரின் பின்னால் சென்றுகொண்டிருக்கையில், லூயிஸ் ஹமில்டனின் காரைப் பக்கவாட்டில் இடித்தார். பத்து வினாடி நின்று செல்லும் தண்டனை, பின்னர் மன்னிப்புக் கேட்டார், விடயம் முடிந்தது. அதற்குப் பெயர் "போராட்ட குணம்". வெட்டல் பிற்காலத்தில் பண்பட்ட மனிதரென்று பேரெடுத்தார். அதை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக் கொள்கிறேன். ஆனால் பண்படுவதற்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் பின்வரிசைக்காரனுக்குக் கிடைப்பதில்லை. அவனுக்கு ஒரு பிழை, ஒரு காய்கறிப் பெயர், அத்தோடு கதை முடிந்தது.

இன்னொன்று. அதே 2012 நவம்பரில் அபுதாபியில் நரேனின் கார் பழுதுபட்டுத் திடீரெனத் தளர, பின்னால் வந்த நிக்கோ றொஸ்பேர்க் அதன்மேல் ஏறிப் பறந்து விழுந்தார். இருவரும் உயிர் தப்பியது தெய்வாதீனம். அன்று இயந்திரம் கைவிட்டது. சாரதி பிழை செய்யவில்லை. ஆயினும் "வழியில் நின்றவர்" பட்டியலில் அதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மன்னார்த் தெருக்களில் கழுதைகள் படுத்துக் கிடப்பதை இங்கு வந்தோர் அறிவர். எந்த வாகனம் எந்தக் கழுதையை இடித்தாலும் சாரதி சொல்வது ஒன்றுதான்: கழுதை குறுக்கே வந்தது. கழுதைக்கு வாக்குமூலம் கொடுக்கும் வழக்கம் இல்லை.

"பந்தயத் திடலே இல்லாத மன்னாரிலிருந்து உமக்கேன் இந்தக் கவலை?" என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் உள்ள கடல் சுமார் 30 கிலோமீற்றர். அந்தக் கடலில் எங்கள் மீனவர் சிறு படகில் போய் வலை விரிக்கிறார்கள். தமிழகத்துக் கரையிலிருந்து பெரிய இழுவைப் படகுகள் வருகின்றன. கடலடியைச் சுரண்டும் இழுவை மீன்பிடி 2017 முதல் இலங்கையில் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஒன்று. வலை அறுந்தவன் கரைக்கு வந்து முறையிட்டால் அவனுக்குக் கிடைக்கும் பதில்களுள் ஒன்று, "நீ ஏன் அங்கே விரித்தாய்?" என்பது. வலை வழியில் கிடந்ததாம். பெரியவன் போகும் பாதை பாதை. சிறியவன் இருக்கும் இடம் இடையூறு. எங்கள் கரையில் இது பத்திரிகைச் செய்தியாக முடிவதில்லை. ஒரு வீட்டின் அடுப்பு எரியாத இரவாக முடிகிறது.

வெட்டல் நரேனை வைதபோது கொதித்தெழுந்து எனக்கு எழுதிய தமிழர் பலர், இந்த வலை விடயத்தை நான் எழுதினால் மௌனமாகி விடுகிறார்கள். ஏனெனில் இங்கே பெரிய படகுக்காரனும் தமிழன். அவர்களின் நியாயம் சிறியவனுக்கான நியாயமன்று என்பது அப்போது வெளிச்சமாகிறது. "நம்மவன்" அடிபட்டால் அநீதி, நம்மவன் அடித்தால் சூழ்நிலை. நரேனைக் காக்க அவர்கள் எடுத்த வாள் இதே உலோகத்தால் ஆனது என்பதனாற்றான் அதை நான் வாங்க மறுக்கிறேன்.

நரேன் கார்த்திகேயனுக்கு நம் பரிந்துரை தேவையில்லை. 2010இல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் தொடரில், முழுப் பருவமும் ஓடாமலே, இரசிகர் வாக்கில் மிகப் பிரபலமான சாரதி என்ற விருதைப் பெற்றவர் அவர். அன்புக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நேர்மையான கணக்குக்குத்தான். அந்தக் கணக்கு என் பார்வையில் இது: உலகச் சம்பியன் ஆகக்கூடியவர் அல்லர். சம கார் கிடைத்தபோது சர்வதேசச் சாரதிகளை வென்று காட்டியவர். சில வேளை அவசரக்காரர், காரை நொறுக்கியவர். தென்னிந்தியாவிலிருந்து அத்திடலுக்கு ஒரு வழியே இல்லாதபோது வழி வெட்டிப் போனவர். செப்பாங்கில் தண்டிக்கப்பட்டவர், தண்டனைக்கு மேலே அவர்மேல் ஏற்றப்பட்டதெல்லாம் அநியாயம்.

அடுத்த மின்னஞ்சலை எழுத உட்காரும் அன்பர்களிடம் ஒரே வேண்டுகோள். செப்பாங் காணொளியை ஒரு தடவை, கார்களின் நிறத்தையும் சாரதிகளின் பெயரையும் மறந்துவிட்டு, நான்கு முன் சக்கரங்களும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை மட்டும் பாருங்கள். பார்த்தபின் எனக்கு எதிராக எழுதினாலும் மகிழ்ச்சியோடு பிரசுரிக்கிறேன்.